திட்ட விலக்கம்

ஆகஸ்ட் 11, திங்கள்

கமலவேணி மேடம் இன்று போர்டில் ஒரு மலை வரைந்தார். நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, தரையைத் தொடாமல் நீண்டுகொண்டே போகும் மலை. பிறகு இடது சரிவில் ஒரு செங்குத்துக் கோடு.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் பாஸ். அந்தப் பக்கம் அரியர்."

இந்த ஆண்டிலிருந்து எங்கள் கல்லூரியில் ரிலேட்டிவ் கிரேடிங். முப்பது எடுத்தால் பாஸா, ஐம்பது எடுத்தால் பாஸா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வகுப்பு என்ன எடுத்தது என்று பார்த்துத்தான் கோடு விழும். முதலில் சராசரி. அதைச் சுற்றி மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு. சராசரியிலிருந்து அந்த அளவில் ஒன்றரை மடங்கு கீழே இறங்கினால் கோடு.

"எம்.எஸ்சி. புள்ளியியல் ரெண்டாம் வருஷத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல" என்றார் மேடம்.

பின்பெஞ்சிலிருந்து ஃபெலிக்ஸ்: "கத்தி செய்யறவங்களையே குத்திப் பாக்கறீங்களே மேடம்."

இருபத்து நான்கு பேரும் சிரித்தோம். மேடமும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் அறைத்தோழி பேச்சியம்மாள். விளாத்திகுளம் பக்கம். குலசாமியின் பெயர். பெயருக்கு ஏற்றபடி பேசுவாள். பல் தேய்க்கும்போதும், நுரையோடு. முதல் ஆண்டு முழுக்க அதற்குப் பயந்து லைப்ரரியில் கிடந்தேன். இப்போது லைப்ரரியில் உட்கார்ந்தால் காது அடைக்கிறது.

நேற்று மேடம் சொன்னதைத் தன் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். சிதறலை அளக்கும் அளவுக்கு நான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்பேன். அவள் நோட்டில் ‘திட்ட விலக்கம்’.

"திட்டம் போட்டு விலகறதா?"

"ஏட்டி, அது பேரு. ஒவ்வொருத்தரும் நடுவுலேர்ந்து எம்புட்டுத் தள்ளி நிக்காகன்னு அளக்கறது. பன்னெண்டாப்புலயே படிச்சிட்டோம்லா."

"நாங்களும்தான் படிச்சோம்."

"நீங்க படிச்சீக. எங்களுக்குப் புரிஞ்சுது."

இளங்கலை வரை தமிழில் படித்தவள். இங்கே கேள்வித்தாள் ஆங்கிலத்தில். ஒரு கேள்வியை மூன்று முறை படிப்பாள். புரிந்த பிறகு அவள் கை ஓடும் வேகம் வேறு. ஆனால் அதற்குள் மணி அடித்துவிடும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு விதை நிறுவனம். மூட்டையிலிருந்து கொஞ்சம் விதை எடுத்து, முளைக்க வைத்துப் பார்த்து, மூட்டை முழுவதையும் பற்றிச் சொல்ல வேண்டும். கேம்பஸ் நேர்முகத்துக்கு எங்கள் வகுப்பிலிருந்து பதினைந்து பேர் போனார்கள். இவளை மட்டும் எடுத்தார்கள்.

"இங்கிலீசுல கேட்டாக. நான் தமிழ்ல சொன்னேன். மூட்டையில மேலாப்புல மட்டும் எடுக்கக் கூடாது சார், அடியில கெடக்கறதுதான் சூடேறிச் செத்துருக்கும்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக."

ஜனவரியில் சேர வேண்டும். கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்டும் அங்கேயே. ஒரே நிபந்தனை, டிசம்பர் ரிசல்ட்டில் அரியர் இருக்கக் கூடாது. மற்ற பாடங்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. கமலவேணி மேடத்தின் இன்ஃபரன்ஸ் பாடம் ஒன்றுதான்.

ரொம்ப நல்ல செய்தி.

அவளிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் தேர்வு முடிவு. சராசரி 48. கோடு 27. நான் 91. எனக்கு அடுத்தவர் 68.

பேச்சி 24.

மேடம் பெயர் சொல்லமாட்டார். மலையை வரைந்து, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தார். வலது ஓரத்தில், வெகுதூரம் தள்ளி, தனியாக ஒரு புள்ளி. வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது.

பேச்சி மட்டும் போர்டின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கேண்டீன். மிளகாய் பஜ்ஜி. ஃபெலிக்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டாப்பர் மேடம் வர்றாங்க, எந்திரிங்கப்பா. இவங்க ஒரு ஆளு இல்லன்னா சராசரி இறங்கும், கோடு இறங்கும், நாங்கல்லாம் நிம்மதியா தூங்குவோம்."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அதைத்தான் சொல்றேன். கடைசிக் கேள்வி இருபது மார்க். உன்னைத் தவிர எவனும் அதைத் தொடறதில்ல. நீயும் தொடாதே. சமூக சேவை."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேச்சி பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். "ஏலே ஃபெலிக்ஸ், கோட்டு மேல தொத்திக்கிட்டுக் கெடக்க. இன்னும் நாலு மார்க்கு ஏற வழி தெரியல, அவள எறக்க வாரியோ?"

"அம்மா தாயே, உனக்கும் சேத்துத்தான் பேசறேன்."

"எனக்குப் பேச எனக்கு வாயி இருக்கு."

அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஹாஸ்டல் மோட்டார் எரிந்துவிட்டது. தண்ணீர் லாரி வருகிறது. வரிசையில் வாளியை வைத்துவிட்டு நகர்ந்தால் வாளி மாறிவிடுகிறது. எல்லாமே அதே நீலம். பேச்சி நெய்ல் பாலிஷ் எடுத்து இரண்டு வாளியிலும் பெயர் எழுதினாள். அவள் வாளியில் ‘பேச்சி’ அழகாக அமைந்துவிட்டது. என்னுடையதில் ‘வாகினி’ என்று எழுத, எழுத்தைப் பெரிதாகத் தொடங்கிவிட்டாள். கைப்பிடி குறுக்கே வந்து ‘வாகி’ என்று நின்றுவிட்டது.

"னி எங்கடீ?"

"வாளிக்கு அது போதும்."

வார்டன் கூப்பிட்டுக் கேட்டார். ஜனவரியில் என் அறைக்கு வேறு யார் வர வேண்டும் என்று பெயர் கொடுக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

பேச்சி ஃபோனில் கோயம்புத்தூர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அங்கே மார்கழியில் குளிருமாம். ஸ்வெட்டர் என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று என்னைக் கேட்டாள். எந்த நிறமானாலும் எனக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24, புதன்

இரண்டாம் தேர்வு. கடைசிக் கேள்வியை எழுதவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ஏன் என்று எழுதிவைக்க வேண்டும்.

பேச்சிக்காக. என் புள்ளி இறங்கினால் சராசரி இறங்கும். கோடு இறங்கும். இருபது மதிப்பெண் போனால் எனக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி எண்ணை எழுதி, அடிக்கோடு போட்டு, பிறகு குறுக்கே அடித்தேன். விடை முழுவதும் தலைக்குள் இருந்தது. அரை மணி முன்னதாகவே பேனாவை மூடி எழுந்தேன். ஒரு சந்தோஷம். பஸ்ஸில் ஒருவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்வோமே, அது போல.

வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

சராசரி 51.2. திட்ட விலக்கம் 12. கோடு 33.2.

பேச்சி 32.

"போன தடவையை விட எல்லாரும் நெருங்கி வந்துட்டீங்க" என்றார் மேடம். பிறகு என் பக்கம் பார்த்து, "காய்ச்சலா வாகினி?"

"இல்ல மேடம்."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். நான்கு வரிதான். என் 73ஐ எடுத்துவிட்டு, கடைசிக் கேள்வியையும் எழுதியிருந்தால் வந்திருக்கும் 93ஐப் போட்டேன்.

சராசரி 52. ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை. இருபதை இருபத்து நான்கு பேருக்குப் பங்கு போட்டால் அவ்வளவுதான் கிடைக்கும்.

திட்ட விலக்கம் 14. ஒரே ஓர் ஆள் தூரமாகப் போய் நின்றால் போதும், சிதறல் அவ்வளவு அகன்றுவிடுகிறது.

52லிருந்து அதில் ஒன்றரை மடங்கு கீழே. 31.

இன்னொரு முறை போட்டேன். 31.

நான் எழுதியிருந்தால் பேச்சி கோட்டுக்கு மேலே. நான் இறங்கியதால் கோடு ஏறிவிட்டது.

முதலாண்டு, முதல் மாதப் பாடம் இது.

பேச்சி வந்தாள். தோளைக் குலுக்கினாள். "எட்டு மார்க்கு ஏறிட்டேன், பாத்தியா? இன்னும் ரெண்டுட்டி. ரெண்டே ரெண்டு. செமஸ்டர்ல தாண்டிருவேன்."

செப்டம்பர் 30, செவ்வாய்

துணி துவைத்தேன். காயவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜை விடுமுறை. பேச்சி ஊருக்குப் போகவில்லை. படிக்க வேண்டுமாம். மெஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர், பூனை ஒன்று. உப்புமா. பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. "அதுக்கு இருக்கற சொரண நமக்கு இல்லியே" என்றாள் பேச்சி. சிரித்தேன். அவளிடம் சொல்ல வேண்டும். இன்று இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் டிபார்ட்மென்ட் பக்கம் போகவில்லை. பேச்சியே எனக்கும் சேர்த்து வாங்கி வந்துவிட்டாள். நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு மழை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இந்தக் கடைசிக் கேள்விய எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

சொன்னேன். அவள் எழுதினாள். எங்கேயும் நிற்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் விடைத்தாளின் கடைசிப் பக்கம் அவள் மடியில் இருந்தது.

"மடமடன்னு சொல்லுத. அப்புறம் ஏன் எழுதல?"

"நேரம் போதல."

"அர மணி முந்தியே எந்திரிச்சுப் போனவ நீ."

மழை ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. எழுந்து சாத்தினேன். திரும்பி நின்றபடியே சொன்னேன்.

"உனக்காகத்தான். கோடு இறங்கும்னு நினைச்சேன்."

"எனக்காவயா?"

"ஆமா."

"நான் கேட்டனா?"

அவள் கால்குலேட்டரை எடுத்தாள். போர்டில் இருந்த எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு நான்கு வரி பிடித்த கணக்கு அவளுக்கு மூன்று வரியில் முடிந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கல. ஏறியிருக்கு."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கு."

"இத்தன நாளா எங்கூட உப்புமா தின்னுக்கிட்டு இருந்திருக்க." குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கொடய விரிச்சு வெச்சாத்தாண்டி ஓரத்துல நிக்கறவ நனையாம நிப்பா. நீ மடக்கிட்ட. மடக்கிட்டு, ஒனக்காவத்தான் மடக்குனேங்க."

"யோசிக்கல பேச்சி."

"நீயா? இந்தச் சிதறல் கணக்கக் கனவுலயே போடறவ நீ. ஹால்ல ஒக்காந்திருக்கும்போது ஒனக்கு இது தெரியாது?" விடைத்தாளை மடித்து என் கட்டிலில் வைத்தாள். "அன்னைக்கு நீ கேட்டல்லா, திட்டம் போட்டு விலகறதான்னு. இப்ப நான் கேக்கேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அக்டோபர் 8, புதன்

பேச்சி பேசவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பேச்சி பேசவில்லை. பல் தேய்க்கும்போதும்.

அக்டோபர் 10, வெள்ளி

அவள் கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னாலும்.

ஹாலில் பேனாவை மூடியபோது வந்த சந்தோஷத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பது போல ஒரு காட்சி அதில் இருந்திருக்க வேண்டும். தேடினேன். இருந்தது வேறு. ஜனவரி. இந்த அறை. இரண்டு கட்டில், கதவோரம் இரண்டு வாளி.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

வார்டன் மறுபடி ஆள் அனுப்பினார். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மோட்டார் திரும்ப எரிந்துவிட்டது. லாரி. வரிசையில் என் வாளிக்குப் பின்னால் பேச்சியின் வாளி. நான் அவளைப் பார்க்காமல் நின்றேன். அவள் குனிந்தாள். என் வாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ வாகி. ஒங்கக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு."

வரிசை முழுக்கத் திரும்பியது.

"நான் இன்னும் கோவத்துலதான் இருக்கேன். ஆனா படிக்கணும். எனக்குக் கோவப்பட்டுக்கிட்டே படிக்கத் தெரியும். சொல்லிக் குடுப்பாளான்னு கேளு."

அவள் வாளியிடம் சொன்னேன். "சரின்னு சொல்லு."

"ரெண்டு கண்டிசன் இருக்கு வாகி. மொதக் கண்டிசன், செமஸ்டர்ல அவ கடைசிக் கேள்வி எழுதணும். முழுசா. எம்புட்டுத் தூரம் போக முடியுமோ அம்புட்டுத் தூரம் போய் நிக்கணும். ரெண்டாவது, அவ தள்ளிப் போய் நின்னதாலதான் நான் தப்பிச்சேன்னு நாளைக்கு ஒரு பய சொல்லக் கூடாது. கோடு எங்க விழுந்தாலும் நான் மேல நிக்கற மாதிரி சொல்லிக் குடுக்கணும்."

"சரின்னு சொல்லு."

"அழுதான்னா கண்டிசன் கேன்சல்னும் சொல்லு."

லாரிக்காரர் மேலிருந்து கத்தினார். "யாரும்மா அது, வாளிகூடப் பேசிக்கிட்டு? பைப்பைப் பிடிங்க!"

அக்டோபர் 15, புதன்

பேச்சி தானாகவே மேடத்தின் அறைக்குப் போனாள். என்னைத் துணைக்கு மட்டும் கூட்டிப் போனாள். பேச வேண்டாம் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

"மேடம், பரீட்சையில விளக்கத்த நான் தமிழ்ல எழுதலாமா? கணக்கு கணக்காத்தான் இருக்கும்."

மேடம் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் புரட்டினார்.

"கூடாதுன்னு எங்கேயும் இல்ல. எதுக்கும் எக்ஸாம் கன்ட்ரோலர்கிட்ட எழுதி வாங்கித் தர்றேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கலையே!" பிறகு, "கேள்வி இங்கிலீஷ்லதான் வரும். அது என் கையில இல்ல."

"அத நான் பாத்துக்கிடுதேன் மேடம்."

வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உன் பேப்பரை நான் எப்பவும் கடைசியாத்தான் திருத்துவேன், தெரியுமா? எல்லாத்தையும் முடிச்சுட்டு, ஒரு டீ போட்டு வெச்சுக்கிட்டு. போன தடவை டீ ஆறிப்போச்சு."

அவ்வளவுதான். போகலாம் என்று கையைக் காட்டினார்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிக்குப் போய்த் திரும்பியாகிவிட்டது.

எங்கள் முறை இது. நான் ஆங்கிலத்தில் கேள்வியை வாசிப்பேன். அவள் உடனே தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். கணக்குப் போடக் கூடாது, சொல்ல மட்டும்.

அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. பாடத்தில் இல்லை. ‘நாட் லெஸ் தேன்’, ‘நாட் மோர் தேன்’, ‘அட் மோஸ்ட்’. இரண்டு எதிர்மறையைச் சேர்த்து உடைத்துப் பார்ப்பதற்குள் அரை நிமிடம் போகிறது. ஒரு தாளில் அதற்கு ஏழெட்டு இடம். ‘குறையாமல்’, ‘மிகாமல்’ என்று சுவரில் எழுதி ஒட்டினோம். சின்னச் சின்னச் சொற்கள். ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். கவனிக்கவில்லை.

பதிலுக்கு அவளும் என்னைத் தடுக்கி விழ வைக்கிறாள். நான் வேகமாகத் தாண்டிப் போகும் இடங்களில் ‘ஏன்’ என்கிறாள். இரண்டு இடத்தில் எனக்கே விடை தெரியவில்லை. மனப்பாடம். உட்கார்ந்து தேடினோம்.

கோபம் எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. இன்று நுரையோடு ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வார்டனிடம் பெயர் கொடுத்தேன். முதலாண்டுப் பெண், ஹர்ஷிதா. யாரோடும் அதிகம் பேசமாட்டாளாம்.

அறைக்கு வந்து சொன்னேன். ஏன் இத்தனை நாள் கொடுக்கவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மழை பெய்த அன்றே தெரிந்திருக்கும்.

"பாவம்ட்டி நீ. இனிமே பாத்ரூம்ல கொழாகூடத்தான் பேசணும்" என்றாள்.

பிறகு, "ஸ்வெட்டர் என்ன நெறம்னு நீ இன்னும் சொல்லல."

மஞ்சள் என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

செமஸ்டர் தேர்வு. இன்ஃபரன்ஸ்.

கடைசிக் கேள்வியை எழுதினேன். மூன்று பக்கம். அவள் ‘ஏன்’ என்று கேட்ட இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்.

நிமிர்ந்தபோது, இரண்டு வரிசைக்கு முன்னால் பேச்சி கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று பதறிவிட்டேன். சூப்பர்வைசர் அவளிடம் ஒரு தாளை நீட்டினார்.

அடிஷனல் ஷீட்.

அவள் அடிஷனல் ஷீட் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் 10, புதன்

ரிசல்ட்.

ஆன்லைனில் வந்துவிட்டது. ஆனாலும் மேடம் எல்லோரையும் வகுப்புக்கு வரச் சொன்னார். மலையை வரைந்தார். அடியில் புள்ளிகள். வலது ஓரத்தில் ஒரு புள்ளி, முன்பைவிடத் தள்ளி. இடது சரிவில் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

பேச்சியின் புள்ளியை இடது பக்கமாகத் தேடினேன். இல்லை. மலையின் உச்சிக்கு நேர் கீழே, சராசரியை ஒட்டி இருந்தது. பி பிளஸ்.

ஃபெலிக்ஸ் எழுந்து நின்று கும்பிட்டான். "டாப்பர் மேடம் கொடையைப் பெருசா விரிச்சாங்க, நாங்கல்லாம் நனையல." பேச்சி வகுப்பு முழுக்கக் குடைக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறாள். யார் மடக்கினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"ஒனக்குத்தாம்லே கொட. நான் மழையிலேர்ந்து எப்பவோ வெளிய வந்து வெயில்ல நிக்கேன்" என்றாள் பேச்சி.

அறைக்கு வந்து கால்குலேட்டரை எடுத்தேன். நான் கடைசிக் கேள்வியை எழுதாமல் இருந்திருந்தால் கோடு எங்கே விழுந்திருக்கும்? பேச்சி கையிலிருந்து பிடுங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்து, அதன் மேல் படுத்துக்கொண்டாள்.

அந்தக் கணக்கை நான் போடவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

பேருந்து நிலையம் வரை போனேன். இரண்டு பை, மஞ்சள் ஸ்வெட்டர், டவலால் மூடிக் கட்டிய வாளி நிறையச் சாமான். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வாளியைக் காலுக்கடியில் வைக்கச் சொன்னார். அவரிடம் அந்த வாளியைப் பற்றி ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் நகரும்போது என் பக்கம் திரும்பினாள்.

"என்ன மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? சாயங்காலம் டீக்கு நான் அங்க. நீ ஏறினாலும் அப்படித்தான். ஒரு திட்ட விலக்கத்துக்குள்ளதாம்ட்டி இருக்கேன்."

"திட்டம் போட்டுத்தானே விலகற?"

"ஆமா. இது நல்ல திட்டம்."

பஸ் வளைவில் திரும்பும்வரை கையை உள்ளே எடுக்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டு இன்றுதான் திரும்பினேன். ஹர்ஷிதா வந்துவிட்டாள். சொன்னது உண்மைதான், பேசவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பையைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா, அங்க இருக்கற வாளிய எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ. என்னோடதுதான்."

"உங்க பேரு பேச்சியா அக்கா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். நீல வாளி. நெய்ல் பாலிஷில், கைப்பிடி குறுக்கே வராமல், அழகாக அமைந்த எழுத்து. என் வாளி டவலுக்கு அடியில் கோயம்புத்தூர் போய்விட்டது.

"இல்ல, நான் வாகினி" என்றேன்.

"அப்ப பேச்சி யாரு?"

உட்காரச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் மெஸ் மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு நடந்தோம். படியிறங்கும்போதும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.